வரப்பைத் தாண்டும் உப்பு

நுழையும்முன்

மீன் என்றால் கடலில் பிடிப்பது என்றே நெடுங்காலம் எண்ணிவந்தோம். அந்த எண்ணம் இப்போது பாதிதான் உண்மை. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் வளர்த்து எடுக்கப்பட்ட மீன், இறால் முதலிய நீர்வாழ் உயிரினங்களின் அளவு 9 கோடியே 44 இலட்சம் டன். அவ்வாண்டு கிடைத்த மொத்த அளவில் இது 51 விழுக்காடு. பிடித்ததைவிட வளர்த்தது மிகுந்தது வரலாற்றில் அதுவே முதன்முறை. இந்த மாற்றம் தமிழகக் கடற்கரைக்கு இறால் பண்ணையாக வந்து சேர்ந்தது. இறாலின் விலையைச் சந்தை சொல்கிறது. சந்தை சொல்லாத விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

குளத்துக்குள் நடப்பது

மீன் வளர்ப்பு முழுவதையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது பிழை. ஏரியிலும் குளத்திலும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை இனங்களைக் கூட்டாக வளர்க்கும் முறை நம் ஊர்களில் உண்டு. மேல்மட்டத்தில் ஒன்றும் இடைமட்டத்தில் ஒன்றும் அடிமட்டத்தில் ஒன்றும் மேய்ந்து, நீரில் தாமே விளையும் நுண்ணுயிர்களையும் மட்கியவற்றையும் உண்டு வளர்பவை அவை. வளர்வது நன்னீரில்; விற்பது பெரும்பாலும் உள்ளூர்ச் சந்தையில். அம்முறையிலும் குறைகள் இருக்கலாம். ஆனால், பக்கத்து வயல் அதனால் பாழானது என்ற புகார் அரிது.

கடலோர இறால் பண்ணை வேறு வகை. வயலைத் தோண்டிக் கரை உயர்த்தி, கடலிலிருந்தோ கழிமுகத்திலிருந்தோ உப்புநீரை இறைத்து நிரப்புகிறார்கள். பொரிப்பகத்தில் வாங்கிய குஞ்சுகளை அதில் விடுகிறார்கள். இன்று பரவலாக வளர்க்கப்படும் வனாமி என்னும் வெள்ளைக்கால் இறால் இந்நாட்டு இனமன்று. இலத்தீன் அமெரிக்காவின் பசிபிக் கடற்கரையைச் சேர்ந்தது. 2009ஆம் ஆண்டில் அதை வளர்க்க இங்கு இசைவு தரப்பட்டது. ஒரு சதுர மீட்டருக்கு 60 குஞ்சுகள் வரை விடலாம் என்பது விதி. அந்த மேல்வரம்பில் விட்டால் ஒரு ஹெக்டேரில் ஆறு இலட்சம் உயிர்கள். அவை மூச்சுவிட நீரில் உள்ள ஆக்சிஜன் போதாது. ஆகவே துடுப்புச் சக்கரங்கள் நீரை அடித்துக் காற்றூட்டுகின்றன. ஏறத்தாழ நான்கு மாதங்களில் அறுவடை.

இதில் ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விட்ட ஆறு இலட்சத்தில் ஐந்தில் நான்கு பங்கு பிழைத்து, ஒவ்வொன்றும் 20 கிராம் எடைக்கு வளர்ந்தால், விளைச்சல் ஏறத்தாழ 9,600 கிலோ. ஒரு கிலோ இறாலுக்கு ஒன்றரைக் கிலோ தீவனம் என்று கொண்டால் 14 டன்னுக்கு மேல் தீவனம் அக்குளத்தில் கொட்டப்படுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் புரதம். புரதத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். ஆக, ஒரு பருவத்தில் ஒரு ஹெக்டேர் குளத்தில் விழும் நைட்ரஜன் ஏறக்குறைய 780 கிலோ. அதில் பாதிக்கும் குறைவே இறாலின் உடலாகிறது. எஞ்சியது கழிவாக, உண்ணாத தீவனமாக, உரித்துப்போட்ட தோலாக நீரிலும் சேற்றிலும் தங்குகிறது. ஒரு பகுதி காற்றில் கலக்கிறது. நடுத்தர, நீண்டகால நெல் வகைகளுக்கு ஒரு ஹெக்டேருக்குப் பரிந்துரைக்கப்படும் தழைச்சத்து 150 கிலோ. இறால் உண்டு மிஞ்சியதே அதைப்போல் இரு மடங்குக்கு மேல். வயலில் இடும் உரத்தைப் பயிர் எடுத்துக்கொள்ளும். இங்கே எடுத்துக்கொள்ளப் பயிர் இல்லை. அறுவடை முடிந்ததும் மடையைத் திறந்தால் அந்நீர் வாய்க்காலுக்குப் போகும்.

தீவனத்தில் கலக்கும் மீன்தூள் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்க வேண்டும். சாளை, நெத்திலி போன்ற சிறு மீன்களை உலர்த்தி அரைத்தே அது ஆக்கப்படுகிறது. கடலின் சுமையைக் குறைப்பதற்கென்று சொல்லப்படும் தொழில், கடலில் பிடித்த மீனையே தின்கிறது. ஏழை வீட்டுக் குழம்புக்கு வரவேண்டிய மீன், தொலைநாட்டு விருந்துக்குப் போகும் இறாலின் உணவாகிறது. தீவனத்தில் மீன்தூளின் பங்கு இப்போது குறைந்துவருகிறது, சோயா அதன் இடத்தைப் பிடிக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

வரப்புக்கு வெளியே

குளத்துக்குள் நடப்பவற்றைவிட, அதன் கரைக்கு வெளியே நடப்பவையே என்னைப் பெரிதும் கவலைகொள்ளச் செய்கின்றன.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. நெற்பயிரோ மண்ணிலுள்ள நீரில் லிட்டருக்கு இரண்டு கிராம் அளவில் உப்பு ஏறும்போதே தளரத் தொடங்கும். இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது ஒரு மண்கரை மட்டுமே. பண்ணையின் நீர்மட்டம் பக்கத்து வயலைவிட உயரத்தில் இருக்கிறது. கடலோர மண்ணோ மணற்பாங்கானது. உயரத்திலிருந்து தாழ்வை நோக்கி நீர் கசிவதற்கு யாருடைய இசைவும் தேவையில்லை. முதல் ஆண்டில் வரப்போரத்து நாற்று மஞ்சளிக்கும்; அடுத்த ஆண்டுகளில் அந்த மஞ்சள் உள்ளே நகரும். அதற்கடுத்த கட்டத்தில் அந்த நிலத்துக்காரர் தாமும் பண்ணைக்குக் குத்தகைக்கு விட்டுவிடுகிறார். அவர் விரும்பியே விட்டார் என்று ஆவணம் சொல்லும்.

நிலத்தடியில் நடப்பது இன்னும் நுட்பமானது. கடற்கரை ஊர்களில் மணலுக்கு அடியில் கடலின் உப்புநீர் இருக்கிறது. பெய்த மழைநீர் அதன்மேல் மிதக்கிறது. நன்னீர், உப்புநீரைவிட இலேசானது என்பதால் இது இயல்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் நிற்கும் என்பது நிலநீரியல் கணக்கு. இதே கணக்கை மறுபுறமாகப் பார்த்தால் அச்சம் தரும். மேலே ஒரு மீட்டர் நன்னீரை இறைத்துவிட்டால், கீழேயிருந்து 40 மீட்டருக்கு உப்பு மேலேறும் வாய்ப்பு உண்டு. கோடையில் நீர் ஆவியாகிக் குளத்தின் உப்புச் செறிவு கூடும்போது, அதைத் தணிக்க ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து நன்னீரை இறைத்துக் கலக்கும் வழக்கம் இருந்தது. மேலிருந்து கசிவு, கீழிருந்து ஏற்றம் என இரு புறமும் உப்பு நெருக்கும்போது, நடுவில் இருப்பது ஊரின் குடிநீர்க் கிணறு.

கிணறு உப்பானால் அந்தச் செலவு எந்தப் பண்ணையின் வரவுசெலவுப் புத்தகத்திலும் ஏறாது. அது ஒரு பெண்ணின் இடுப்பில் குடமாக ஏறுகிறது. இரண்டு தெரு தள்ளியிருந்த நீர் இரண்டு ஊர் தள்ளிப் போகிறது. நாகை, கடலூர் மாவட்டங்களின் கடலோரச் சிற்றூர்களில் இறால் பண்ணைக்கு எதிராகக் கூடியவர்களில் பெண்கள் முன்நின்றதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

கூலி வேலையின் கணக்கும் உண்டு. நடவு, களையெடுப்பு, அறுவடை எனப் பல கட்டங்களில் பல கைகளுக்கு வேலை தருவது நெல் வயல். குளமாக மாறிய அதே நிலத்துக்குத் தீவனம் இடச் சிலரும் இரவில் காவல் காக்கச் சிலரும் போதும். நிலம் உடையவருக்குக் குத்தகைப் பணமாவது கிடைக்கிறது. நிலமற்ற உழவுத் தொழிலாளருக்கு அதுவும் இல்லை.

அலையாத்திக் காடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தாய்லாந்து, ஈகுவடார் போன்ற நாடுகளில் இறால் குளங்களுக்காக அக்காடுகள் பெரும்பரப்பில் அழிக்கப்பட்டன. இந்தியாவில் அந்த அளவுக்கு அழிவு நேரவில்லை. ஆயினும் பிச்சாவரம், முத்துப்பேட்டைச் சதுப்புநிலங்களுக்கு அருகே பண்ணைகள் உள்ளன. கழிமுகத்தில் விடப்படும் நீர் அங்கேதான் சேரும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது, பிச்சாவரக் காடுகளுக்குப் பின்னே இருந்த சிற்றூர்களில் சேதம் குறைவாக இருந்ததை நாடு அறியும். அக்காட்டின் ஓடைகளில் கையால் துழாவி இறால் பிடித்து வாழும் இருளர் மக்களும் இருக்கிறார்கள். அவர்களுடையதும் இறால் தொழில்தான். தீவனம் இல்லை, மின்சாரம் இல்லை, கழிவும் இல்லை.

ஒரு முதியவரின் வழக்கு

நாகை வட்டாரத்தில் இறால் பண்ணை எதிர்ப்பு ஏன் அவ்வளவு உரமாக எழுந்தது என்பதை அறிய, சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். அக்கொடுமைக்குப் பின் காந்தியவாதிகளான சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் அப்பகுதிக்கு வந்து தங்கினர். நிலமற்றோர்க்கு நிலம் பெற்றுத்தருவதைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டனர். 1981ஆம் ஆண்டில் லாஃப்டி என்னும் உழுவோர் நில உரிமை இயக்கத்தை அமைத்தனர். தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் நாற்று நட்ட ஒடுக்கப்பட்ட பெண்கள், தம் பெயரில் பட்டா பெற்றனர்.

அந்த நிலத்தின் ஓரத்துக்குத்தான் 1990களின் தொடக்கத்தில் இறால் பண்ணைகள் வந்தன. அத்தனை போராடிப் பெற்ற மண் உப்பாகும் என்றால், பட்டாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எண்பது வயதில் ஜெகந்நாதன் அறப்போராட்டத்தில் இறங்கினார். 1994ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தை நேரில் ஆய்ந்து அறிக்கை தருமாறு நீதிமன்றம் பணித்தது. கடலோரப் பண்ணைகளால் கிடைக்கும் வருவாயைவிட, அவற்றால் சூழலுக்கும் மக்கள் பொருளாதாரத்துக்கும் ஏற்படும் இழப்பே மிகுதி என்று அந்நிறுவனம் கண்டது.

1996 டிசம்பர் 11 அன்று நீதியரசர்கள் குல்தீப் சிங், சகீர் அகமது ஆகியோர் தீர்ப்பளித்தனர். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணை என்பது தடைசெய்யப்பட்ட தொழில். மரபுவழி முறைகள் நீங்கலாக அங்குள்ளவை அகற்றப்பட வேண்டும். விளைநிலம், உப்பளம், அலையாத்தி, சதுப்புநிலம், ஊர்ப் பொதுநிலம் ஆகியவற்றைப் பண்ணையாக மாற்றக் கூடாது. மாசு செய்தவரே இழப்பீடு தரவேண்டும். வேலை இழக்கும் தொழிலாளர்க்கு ஆறு ஆண்டு ஊதியத்தைக் கூடுதல் இழப்பீடாகத் தரவும் அத்தீர்ப்பு ஆணையிட்டது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் பெரிதும் பேசப்படும் தீர்ப்புகளுள் ஒன்று அது.

நடந்தது வேறு. சீராய்வு மனுக்கள் வந்தன, இடிப்பு நிறுத்திவைக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றியது. கடற்கரை மண்டலத் தடை இப்பண்ணைகளுக்குப் பொருந்தாது என்று அச்சட்டம் முன்தேதியிட்டு அறிவித்தது. உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் என்று நீதிமன்றம் பார்த்த எல்லை, 200 மீட்டராகச் சுருங்கியது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம், பதிவு பெறாமல் பண்ணை நடத்துவோர்க்கு இருந்த சிறைத் தண்டனையையும் நீக்கிவிட்டது. ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் இணையருக்கு 2008ஆம் ஆண்டில் மாற்று நோபல் எனப்படும் வாழ்வுரிமை விருது கிடைத்தது. 2020இல் கிருஷ்ணம்மாளுக்குப் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. போராடியவரை நாடு போற்றியது. போராட்டம் கேட்டதை மட்டும் தள்ளிவைத்தது.

மறுதரப்பு

பண்ணையாளர் தரப்பில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. 2022-23ஆம் நிதியாண்டில் இந்தியா 63 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேலான கடல்பொருள்களை ஏற்றுமதி செய்தது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உறைபதன இறாலால் வந்தது. காவிரியின் கடைமடையில் தண்ணீர் வருவது உறுதியில்லை. வந்தாலும் நெல்லின் விலை செலவுக்குக் கட்டுவதில்லை. முன்பே உவர் ஏறிய நிலத்தில் வேறு என்ன விளையும் என்று அவர்கள் கேட்கிறார்கள். பண்ணையாளர் எல்லாரும் பெருமுதலாளிகள் அல்லர். இரண்டு ஏக்கரை வைத்துக் கடன் வாங்கிக் குளம் வெட்டியவர்களும் உண்டு.

இந்த வாதங்களை முழுவதும் ஏற்றுக்கொண்டாலும் ஒன்று மிஞ்சுகிறது. அடர்த்தியாக வளர்க்கும் தொழிலில் நோய் ஒரு விபத்தன்று. வந்தே தீரும் விருந்தாளி. 1994-95இல் வெண்புள்ளி நச்சுயிரி இந்தியக் கடற்கரையெங்கும் பரவிப் புலி இறாலை அழித்தது. கடனில் மூழ்கியவர்கள் குளத்தை அப்படியே விட்டு வெளியேறினர். உப்பேறிய அந்த மண்ணை மீட்க ஜிப்சம் இட்டு நன்னீரால் பலமுறை கழுவ வேண்டும். நன்னீர் இல்லை என்பதால் தொடங்கிய தொழில், நன்னீர் இல்லாமல் மீட்க முடியாத நிலத்தை விட்டுச்செல்கிறது. ‘உவர்நிலத்தில்தானே பண்ணை வைக்கிறோம்’ என்னும் வாதம், அந்த உவர் எங்கிருந்து வந்தது என்று கேட்டவுடன் தடுமாறுகிறது.

பொக்காளி வயல்

இறாலும் நெல்லும் பகைதான் என்று முடிவுகட்டுவோர், கேரளத்தின் எர்ணாகுளம், திருச்சூர், ஆலப்புழை மாவட்டங்களில் உள்ள பொக்காளி வயல்களைப் பார்க்க வேண்டும். அங்கும் கடல்நீர் வயலுக்குள் வருகிறது. தென்மேற்குப் பருவமழை உப்பைக் கழுவியதும், உயர்ந்து வளரும், உவரைத் தாங்கும் பொக்காளி நெல்லை விதைக்கிறார்கள். அக்டோபர் வாக்கில் கதிரை மட்டும் அறுத்துவிட்டுத் தாளை நீரிலேயே விடுகிறார்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மடையைத் திறக்க, அலையேற்றத்தோடு இறால் குஞ்சுகள் தாமே உள்ளே வருகின்றன. அழுகும் வைக்கோலில் விளையும் நுண்ணுயிர்களே அவற்றுக்கு உணவு. இறாலின் கழிவு அடுத்த பருவ நெல்லுக்கு எரு. உரமும் இல்லை, மருந்தும் இல்லை.

அங்கும் நிலைமை முழுமையாக இனிதில்லை. நெல்லில் ஆதாயம் குறைவு என்பதால் ஆண்டு முழுவதும் இறாலே வளர்க்க முனைவோர் உள்ளனர். உழுபவர்க்கும் மீன் குத்தகைக்காரர்க்கும் பூசல் ஓய்வதில்லை. தமிழகத்தின் குறைந்த அலையேற்றமும் மழைக்காலமும் வேறு. பொக்காளியை அப்படியே இங்கே பெயர்த்து நட முடியாது. ஆனால், மழை பெய்யும் மாதங்களில் உப்பு வெளியேற இடம்கொடுப்பது என்ற அதன் அடிப்படையை இங்கும் கைக்கொள்ள முடியும்.

எதை அளப்பது?

ஏற்றுமதியாகும் இறாலில் தடைசெய்யப்பட்ட உயிர்எதிரி மருந்தின் எச்சம் இருக்கிறதா என்று மிக நுண்ணிய அளவில் சோதிக்கிறார்கள். இருந்தால் சரக்குத் திரும்பி வந்துவிடும். வாங்கும் நாட்டின் நுகர்வோர்க்கு இவ்வளவு காவல் இருக்கிறது. இறால் வளர்ந்த குளத்தின் பக்கத்து வீட்டில் தண்ணீர் குடிப்பவர்க்கு அதில் பாதியளவு காவலாவது வேண்டாமா?

500 மீட்டரா 200 மீட்டரா என்ற வழக்காடல் இந்தக் கேள்வியைத் தொடவில்லை என்பது என் கருத்து. உப்பு, அளவுநாடா பார்த்து நகர்வதில்லை. மணற்பாங்கான இடத்தில் 300 மீட்டரில் உள்ள குளம் செய்யும் தீங்கை, களிமண்ணில் 100 மீட்டரில் உள்ள குளம் செய்யாமல் இருக்கலாம். கடலோர ஆணையத்தின் அதிகாரமும் உயர் அலைக்கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரோடு முடிகிறது. வனாமியோ குறைந்த உப்பிலும் வளரும் என்பதால் அந்த எல்லைக்கு அப்பாலும் போய்விட்டது. ஆகவே தொலைவை மட்டும் அளக்கும் சட்டத்தோடு, விளைவை அளக்கும் விதியும் சேர வேண்டும். பண்ணையைச் சுற்றியுள்ள கிணறுகளின் உப்பளவைப் பண்ணை தொடங்குமுன் குறித்துவைக்க வேண்டும். பிறகு ஆண்டுக்கு இருமுறை, கோடையிலும் மழைக்குப் பின்னும், அளக்க வேண்டும். அந்த எண்கள் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதப்பட வேண்டும். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்று இந்தியத் தர நிறுவனம் வகுத்துள்ளது. புதிதாக அளவுகோல் தேடவேண்டியதில்லை. நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் சிறு கருவி பள்ளி ஆய்வகத்திலும் வாங்கிவைக்கக் கூடியதுதான். கடலோரப் பள்ளிகளின் மாணவரே இந்த அளவைகளை எடுக்க முடியும்.

கடலோரப் பண்ணையின் பதிவு ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. ஐந்தாண்டில் பத்து அளவைகள் சேர்ந்திருக்கும். புதுப்பிக்கும் விண்ணப்பத்தோடு அந்தப் பத்து எண்களும் கிராமசபையின் தீர்மானமும் இணைக்கப்பட வேண்டும். கிணற்றின் உப்பு ஏறியிருந்தால், அதற்கு வேறு காரணம் உண்டு என்று நிறுவும் பொறுப்பு பண்ணையாளருடையதாக இருக்க வேண்டும். இன்று அந்தப் பொறுப்பு, இரண்டு ஊர் தள்ளிக் குடம் சுமப்பவர் தலையில் இருக்கிறது.